பேஸ் கிட்டார்: கட்டைவிரலா, இரு விரல்களா, பிக்கா?

பேஸ் கிட்டார் வாங்கியவர்கள் அடுத்துக் கேட்பது, எதால் மீட்டுவது என்றுதான்: கட்டைவிரலா, இரு விரல்களா, பிக் எனும் சின்னத் தகடா. மூன்று வழியிலும் வாசித்துப் பார்த்துவிட்டு இப்போது நான் பெரும்பாலும் கட்டைவிரலில் நிற்கிறேன், அதனால் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள். நான் வாசிப்பது சின்ன ஹால்களில், பாடுபவருக்குப் பின்னால், சின்ன ஆம்ப்பை வைத்துக்கொண்டு. நீங்கள் வாசிக்கும் இடம் வேறு என்றால் உங்கள் முடிவும் வேறாக இருக்கலாம்.

கட்டைவிரல் என்றதும் ஸ்லாப் என்று நினைத்துவிட வேண்டாம். அது அமெரிக்க பேஸ் கலைஞர் லாரி கிரஹாம் தன் அம்மாவோடு வாசித்த குழுவில் டிரம்மர் இல்லாத குறையை ஈடுகட்ட, கம்பியைக் கட்டைவிரலால் அடித்தும் விரலால் இழுத்துவிட்டும் உருவாக்கிய பாணி. நான் சொல்வது அமைதியான வேலை. சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை ஓரத்தை பிரிட்ஜுக்கு (கம்பிகளைத் தாங்கும் இரும்புப் பகுதி) முன்னால் கம்பிகள்மேல் லேசாக வைத்து, கட்டைவிரலின் சதையால் கீழ்நோக்கி மீட்டுவது.

ஒலி வித்தியாசம் உங்களுக்கே தெரிந்திருக்கும். பிக் கூர்மை, விரல் உருண்டை, கட்டைவிரல் மழுக்கம். கம்பியைத் தொடும் முனை எவ்வளவு குறுகலோ, கடினமோ, அவ்வளவு மேல் ஹார்மோனிக்ஸ் (அடிப்படை ஒலியோடு சேர்ந்து எழும் உயர்ந்த அதிர்வுகள்) கிளம்பும். பிரிட்ஜ் பக்கம் போனால் எதுவுமே கூர்மையாகும், கழுத்துப் பக்கம் வந்தால் எதுவுமே தடிக்கும். இதெல்லாம் ஆம்ப்பில் ஓரளவு திருத்திக்கொள்ளக்கூடிய விஷயம்தான்.

திருத்த முடியாத விஷயம் ஒன்று உண்டு: நோட் எப்படி நிற்கிறது என்பது. சின்ன ஹாலில் கீழ் நோட்டு சட்டென்று அடங்காது, சுவரில் பட்டு இரைந்துகொண்டே இருக்கும். முந்தைய நோட்டின் வால் அடுத்த நோட்டுமேல் ஏறும், இரண்டும் சேர்ந்து காலால் அடிக்கும் கிக் டிரம்மை விழுங்கும். பாடுபவர் "பேஸைக் குறைங்க" என்பார். குறைத்தால் பாட்டுக்கு அடித்தளம் போய்விடும், குழப்பம் மட்டும் அப்படியே இருக்கும். அங்கே அதிகமாக இருந்தது சத்தம் அல்ல, நோட்டின் நீளம்.

இந்தக் கண்ணோடு மூன்றையும் பார்ப்போம். கம்பிகள் தடித்ததிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி; வாசிக்கும்போது ஈ மேலே இருக்கும்.

இரு விரல் முறையில், ஆட்காட்டி விரல் ஏ கம்பியை மீட்டிவிட்டு மேலே ஈ கம்பியில் வந்து சாயும், அந்த ஈ கம்பி தானாகவே அடங்கிவிடும். ஜி கம்பிக்குப் போனால் மேலே இருக்கும் கம்பிகளைக் கவனிக்க ஆள் வேண்டும். அதனால்தான் கட்டைவிரலைப் பிக்கப்மேல் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பாகம்) ஊன்றாமல், கம்பிகள்மேல் நகர்த்தி நகர்த்திச் சாய்த்து வைக்கச் சொல்லித் தருகிறார்கள். நல்ல பழக்கம், கைக்கு வர நாள் பிடிக்கும். ஆனால் இது மற்ற கம்பிகளைத்தான் அடக்குகிறது. ஒலிக்கும் கம்பியை நிறுத்தும் வேலை பெரும்பாலும் இடது கைக்குத்தான் வரும். கழுத்தில் உள்ள ஃப்ரெட்டில் பிடித்த நோட் என்றால் அழுத்தம் விட்டால் போதும். விரல் வைக்காமல் ஒலிக்கும் திறந்த ஈ கம்பி என்றால் யாராவது போய்த் தொட்டாக வேண்டும்.

பிக்கிலும் உள்ளங்கையை வைத்து மியூட் செய்யலாம், அதாவது கம்பியை அடக்கலாம். ஆனால் பிக் பிடித்த கை மணிக்கட்டிலிருந்து அசைகிறது. ஈ கம்பியிலிருந்து ஜி கம்பிக்குப் போகும்போது உள்ளங்கையும் கூடவே நகரும், ஒரு நோட் அடங்கி ஒலிக்கும், அடுத்தது கத்தும்.

கட்டைவிரலில் உள்ளங்கை வைத்த இடத்தில் இருக்கும், விரல் மட்டும் போய் வரும். ஈ, ஏ கம்பிகளுக்குக் கட்டைவிரல், டி, ஜி கம்பிகளுக்கு ஆட்காட்டியும் நடுவிரலும் என்று பிரித்துக்கொண்டால் ஆக்டேவ் (அதே ஸ்வரத்தின் அடுத்த ஸ்தாயி) தாண்டுவதற்குக் கையைத் தூக்கவே வேண்டாம். நீளத்தை உள்ளங்கையே பார்த்துக்கொள்ளும். பிரிட்ஜின் இரும்புமேல் இருந்தால் நோட் முழுதாக ஒலிக்கும். ஒரு சென்டிமீட்டர் கழுத்துப் பக்கம் தள்ளி வைத்தால் "தும்" என்று முடிந்துவிடும். சரணத்துக்குக் குட்டையாகவும் பல்லவிக்கு நீளமாகவும் பாட்டு ஓடும்போதே மாற்றலாம், திறந்த கம்பி உட்பட. அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் வேலை கெட்டுவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அழுத்திப் பிடித்தால் ஸ்ருதியும் லேசாக ஏறும்.

இது புதுசு ஒன்றும் இல்லை. 1951-ல் வந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் விரல்கள் பிடித்துக்கொள்ள ஜி கம்பிக்குக் கீழே ஒரு கட்டை இருந்தது. கட்டைவிரலால் வாசிப்பார்கள் என்று கணக்குப் போட்டு வைத்தது அது. 1970களில்தான் அது ஈ கம்பிப் பக்கம் ஏறியது. பிரிட்ஜ் மூடிக்குள் கம்பியை அடக்க மியூட்டும் வைத்தே விற்றார்கள். அமெரிக்க இசை நிறுவனமான மோட்டவுனில் ஒற்றை ஆட்காட்டி விரலால் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனிடம் கம்பியை அடக்க ஃபோம் இருந்தது, பிக்கால் வாசித்த அமெரிக்க ஸ்டுடியோ கலைஞர் கரோல் கேயிடம் ஃபெல்ட் துணி இருந்தது. மீட்டிய முறை வேறு வேறு, நோட்டைக் குட்டையாக்கும் ஏற்பாடு மட்டும் இருவரிடமும் உண்டு. ஃபோமைப் பாட்டு நடுவில் எடுக்க முடியாது, உள்ளங்கையை எடுக்கலாம்.

கட்டைவிரல் தோற்கும் இடங்களும் உண்டு. வேகம் முதலாவது. இளையராஜாவின் 80களின் பாடல்களில் பேஸ் தனி மெட்டாகவே ஓடும். நோட்டுகள் நெருங்கும் அந்த இடங்களில் கட்டைவிரல் மூச்சு வாங்குகிறது, நானும் பேசாமல் இரு விரலுக்கு மாறிவிடுகிறேன். இரண்டாவது, போன் ஸ்பீக்கர். திறந்த ஈ கம்பியின் அடிப்படை அதிர்வு சுமார் 41 ஹெர்ட்ஸ். அதைப் போன் ஒலிக்கவே ஒலிக்காது, மேல் ஹார்மோனிக்ஸை வைத்துத்தான் நம் காது பேஸை ஊகிக்கிறது. கட்டைவிரல் அந்த ஹார்மோனிக்ஸைத்தான் தின்றுவிடுகிறது. வீட்டில் பதிவு செய்து போனில் கேட்கப்போகிறவர்கள் என்றால் பிக்கை எடுங்கள், 1 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமனில். மெல்லியது என்றால் கம்பியைவிட பிளாஸ்டிக் சத்தம் முன்னால் வரும்.

வேக மெட்டல் நான் மேடையில் வாசித்ததில்லை, அந்தப் பக்கம் பிக் பற்றி நான் சொல்வதைப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து கம்பி பேஸும் இரவல் வாங்கி வாசித்ததோடு சரி. கம்பி வரிசை அகலமாக இருப்பதால் என் உள்ளங்கை ஜி வரை எட்டவில்லை, அங்கே மட்டும் நோட் நீண்டு தனியாகத் தெரிந்தது. பெரிய கை உள்ளவர்களுக்கு அந்தச் சிக்கல் வராமலும் போகலாம். வாங்கும் முன் கடையிலேயே கையை வைத்துப் பார்த்துவிடுங்கள்.