3,000 கியாட் கேபிள்

ரங்கூனில் கரண்ட் வரும் நேரம் பார்த்துத்தான் போன், பவர்பேங்க் எல்லாவற்றையும் சார்ஜ் போடுகிறோம். அந்த அவசரத்துக்கு நடைபாதைக் கடையில் 3,000 கியாட்டுக்கு ஒரு டைப்-சி கேபிள் வாங்கினேன். பத்தாம் நாள் ராத்திரி கருகல் வாடை. முனை பழுப்பேறி, ரப்பர் இளகி விரலில் ஒட்டியது. பக்கத்திலேயே அம்மா படுத்திருந்தார். நினைத்தால் இன்னும் பதறுகிறது.

அப்புறம் வெட்டிப் பார்த்தேன். உள்ளே தலைமுடி போல நாலைந்து கம்பிதான். கம்பி மெலிந்தால் மின்சாரம் பாய எதிர்ப்பு கூடும், சூடேறும். இன்னொன்று: சாதாரண யூஎஸ்பி-ஏ (பட்டையான பழைய துளை) சார்ஜரில் செருகும் டைப்-சி கேபிளுக்குள், எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்று போனுக்குக் காட்டும் 56 கிலோஓம் ரெசிஸ்டர் என்ற சின்னப் பாகம் இருக்க வேண்டும். அதற்குப் பதில் 10 கிலோஓம் போட்டுவிட்டால் போன் 3 ஆம்பியர் வரை இழுக்கப் பார்க்கும்; பழைய சார்ஜர் தாங்காது. வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது.

இப்போது சான்று பெற்ற கேபிள், ஆறு மடங்கு விலை. ஒரு மணி நேரம் சார்ஜ் ஏறியும் முனை சுடவில்லை. அந்த 3,000 கியாட் கேபிளுக்கு ஒரு ஸ்டார்கூடத் தர மாட்டேன்.