கத்திக்குக் குறையில்லை, உறைதான் உயிரை எடுக்கிறது

கேம்பிங் கிளம்பும் நண்பர் ஒருவர் போனில் கேட்டார்: "உங்கிட்ட இருக்குத மாதிரி பட்டறைக் கத்தி ஒண்ணு எனக்கும் அடிச்சு வாங்கலாமா?" ஆடிப்போன பிடியை மாற்றி, கத்தியைத் திரும்ப வாங்கி வந்திருந்த சமயம் அது. கேட்டவருக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

கத்தியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்துப் பட்டறை ஒன்றில் லாரிப் பட்டையை, அதாவது லாரியின் ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்தது. தலைப்பக்கம் கனம் கூடுதல் என்பதால் ஓங்கினால் போதும், கத்தியே வேலை பார்த்துவிடும். ரப்பர்க் கொம்பு கழிக்க, இளநி சீவ, சக்கை (பலாப்பழம்) பிளக்க, அடுப்புக்கு விறகு கீற என்று எல்லாவற்றுக்கும் இது ஒன்றுதான். முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளந்தாலும் வெட்டுவாய் உதிர்ந்ததில்லை. தோய்ச்சல், அதாவது காய்ச்சிய இரும்பை முக்கி உரமேற்றுவது, அவ்வளவு பக்குவம். புதுப் பிடிக்குப் புளியங்கட்டை போட்டிருக்கிறார் ஆசாரி. கத்தியின் வாலைச் சிவக்கக் காய்ச்சிக் கட்டைக்குள் இறக்கினார். புகை அடங்கியதும் பூணைத் தட்டி இறுக்கினார். இப்போது ஓங்கி வெட்டினாலும் கையில் அதிர்வே இல்லை.

இவ்வளவு நல்ல சாமானை இடுப்பில் வைத்து நடக்க ஒரு வழி இல்லை என்பதுதான் என் ஆத்திரம்.

ஆரம்பத்தில் ஒரு கடையில் காசு கொடுத்துத் தோல் உறை தைத்து வாங்கினேன். பார்க்க அம்சமாக இருந்தது. ஆனால் நம்ம மாவட்டத்தில் ஜூனில் தொடங்குகிற மழை செப்டம்பர் வரை பெய்யும். அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழை வேறு. தோல் ஒரு தடவை நனைந்தால் உள்ளே காயவே காயாது. லாரிப் பட்டை எஃகில் குரோமியம் இருந்தாலும் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். துரு ஏறாமல் நிற்க 10.5 சதவீதமாவது வேண்டும். ஒரு ராத்திரி ஈர உறையில் கிடந்தால் போதும், காலையில் உருவும்போது தையல் ஓடிய இடமெல்லாம் கத்தியில் செம்மஞ்சள் புள்ளிகள் வரிசையாக நிற்கும். தேங்காயெண்ணெய் தேய்த்து எடுத்துவிடலாம். ஆனால் அடுத்த மழைக்கு மறுபடியும் அதே கதைதான். "எண்ணெய் காட்டு மக்கா, தண்ணி காட்டாத" என்று ஆசாரி சொல்லித்தான் அனுப்பினார். இந்த ஊரில் தண்ணீர் காட்டாமல் எப்படி?

அதைவிட மோசம் தையல். கத்தியின் வெட்டுவாய் வரும் பக்கம் இரண்டு தோலுக்கும் நடுவே ஒரு தோல் பட்டை வைத்துத் தைத்திருக்க வேண்டும். அதை வைக்கவே இல்லை. அதனால் உருவும்போதெல்லாம் கத்தி நூலை அறுக்கிறது. உறையைக் கைக்குள் பொத்திப் பிடித்து உருவுகிறவருக்கு உள்ளங்கை கிழியும். முதுகுப் பக்கம் மட்டும் பிடித்துத்தான் உருவ வேண்டும். யாருக்குக் கடன் கொடுத்தாலும் இதைச் சொல்லித்தான் கொடுக்கிறேன். கைலி உடுத்தியிருந்தால் தொல்லை இன்னும் கூடுதல். அகலப் பச்சை பெல்ட்டில் தொங்கவிட்டால் நடக்கும்போது தொடையில் அடிக்கிறது, பைக்கில் உட்கார்ந்தால் முனை சீட்டில் குத்துகிறது.

நம்ம பனையேறிகளைப் பாருங்கள். பாளை சீவுகிற அருவாளைப் பெட்டியில் போட்டு இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மரத்தையே ஏறி இறங்குகிறார்கள். காலிலும் இடிக்காது, கையிலும் படாது. அதைப் பார்த்துத்தான் நானும் உறையைப் பின்னால் தள்ளினேன். தோலையும் தூக்கிப் போட்டுவிட்டு, பிவிசி பைப்பைச் சூடாக்கித் தட்டையாக்கி உறை செய்துகொண்டேன். அடியில் ஒரு துளை, தண்ணீர் வடிய. பார்க்கச் சகிக்காது, நடந்தால் லொடலொட என்கிறது. ஆனால் துரு நின்றுவிட்டது.

நண்பருக்கு இன்னொன்றும் சொன்னேன். பஸ்ஸில் போகும்போது இடுப்பில் கட்டாதே, துணியில் சுற்றிப் பைக்குள் அடியில் வை. ஆயுதச் சட்ட விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் பட்டியலில் வருகின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் வழியில் நிறுத்திக் கேட்கிறவரிடம் அதை விளக்க வேண்டியது நீதான். பேச்சிப்பாறைக்கு மேலே சரணாலயக் காட்டுக்குள் கொண்டு போகவே போகாதே. 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டத்தின் 31ஆம் பிரிவுப்படி எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. அந்தச் சட்டம் ஆயுதம் என்று சொல்வதில் கத்தியும் சேரும்.

சரி, வாங்கலாமா? என் கத்தியை என்ன விலை கொடுத்தாலும் தர மாட்டேன். ஆனாலும் அவரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். வெளியே மழை கொட்டுகிறது. ஒழுங்கான உறை தைக்கிற ஒரு ஆளை இன்னும் நான் கண்டுபிடிக்கவில்லை. கிடைத்தால் நானே நண்பரைப் பட்டறைக்குக் கூட்டிப்போகிறேன்.