மருந்து ஆய்வா, நோயாளி சொல்லா: எதற்கு எதை நம்புவது?

ஆய்வில் தேறிய மாத்திரைதானே, நோயாளியிடம் வேறு கேட்க வேண்டுமா என்று நாகர்கோவில் பக்கம் கிளினிக் வைத்திருப்பவர்கள் கேட்கிறார்கள். கேட்டே ஆக வேண்டும்.

நம்பகம்
ஆய்வு: நோயாளிகளைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்துப் பார்ப்பதால், குணம் மருந்தால் வந்ததா என்பது தெரியும். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் இடம்) இருப்பதற்கு இணையான பலன் உண்டு என்று காட்டியது இப்படித்தான்.
நோயாளி: மருந்தால் குணமானது என்பார், ஆனால் தானாகவே சரியாகியிருக்கலாம்.

செலவு
ஆய்வு: பெரும் பணம், பல வருஷம்.
நோயாளி: ஐந்து நிமிடம்.

பக்கவிளைவு
ஆய்வு: எனலாப்ரில் என்ற ரத்த அழுத்த மாத்திரை சிலருக்கு வறட்டு இருமல் தரும் என்று சொல்லிவிடும், அவ்வளவுதான்.
நோயாளி: குலசேகரத்தில் விடியுமுன் ரப்பர் பால்வெட்டப் போகிறவர் அதைப் பனி இருமல் என்று நினைத்து டானிக் குடித்துக்கொண்டிருப்பார், "மாத்திரை தொடங்கின பிறகா அண்ணே இருமல்?" என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். குளச்சலில் வள்ளத்தில் போகிறவர், அடிக்கடி சிறுநீர் வருகிறதே என்று நீர் மாத்திரையைக் கடலுக்குப் போகும் நாளில் விட்டுவிடுவதும் அப்படித்தான்.

சரி, எந்த மருந்து என்று முடிவெடுக்க ஆய்வு. அது இவருக்கு ஒத்துப்போகிறதா, ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்பதற்கு நோயாளி சொல். பக்கவிளைவு என்று சந்தேகம் வந்தால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நோயாளியே நேரடியாகத் தெரிவிக்கலாம்.