அடிபட்ட அரிய நாணயமா, அழகான சாதாரண நாணயமா?

ஒரே தொகைக்கு இரண்டும் கிடைக்கும்போது நான் பெரும்பாலும் அடிபட்டதையே எடுப்பேன். 1793 இல் அமெரிக்க நாணயச்சாலை அச்சிட்ட சங்கிலிச் சென்ட் ஏறத்தாழ 36,000 மட்டுமே. பின்புறம் 15 கண்ணிகள் கொண்ட சங்கிலி. நல்ல நிலையில் உள்ள ஒன்று பெரும்பாலோர் கைக்கு எட்டாது. அரித்துப்போன ஒன்று எப்போதாவது எட்டும். அந்தச் சங்கிலி மங்கலாகத் தெரிந்தாலும் போதும், மனம் நிறைந்துவிடுகிறது.

பளபளக்கும் சாதாரண நாணயத்துக்கு வேறு பலம் உண்டு. 1 முதல் 70 வரையிலான தர அளவுகோலில் அதற்கு எண் கிடைக்கும், விற்பதும் எளிது. துளையிட்டது, சுரண்டியது, தேய்த்துக் கழுவியது எனில் தரநிர்ணய நிறுவனங்கள் எண் தருவதில்லை, குறையைத்தான் குறிப்பிடும். விற்கும்போது அது கையைக் கடிக்கும்.

ஆனால் எல்லாச் சேதமும் ஒன்றல்ல. பதக்கமாக அணியப் போட்ட துளை அந்த நாணயத்தின் வாழ்க்கை வரலாறு. அதை நான் விரும்பியே வாங்குவேன். செம்பிலும் வெண்கலத்திலும் உதிரும் வெளிர்பச்சைத் தூளை மட்டும் தொடமாட்டேன். குளோரைடும் ஈரமும் சேர்ந்து உலோகத்தைத் தொடர்ந்து தின்னும் நோய் அது. கெட்டியாக, வழவழப்பாகப் படிந்த பச்சைப் படலம் வேறு. அது பெரும்பாலும் நாணயத்தைக் காக்கும். தயவுசெய்து அதைத் தேய்க்காதீர்கள்!