மூன்று டை, நான்கு லோடு: எக்செல் அனோவாவைப் பல சீசன் பயன்படுத்திய பிறகு

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தேங்காய் நார்த்தூளை அழுத்திப் பித் கட்டி போடும் நண்பர் போன வாரம் கேட்டார்: "மூணு டை மாத்திப் போட்டுப் பாத்தாச்சு. ரெண்டாவது டைக் கட்டிதான் நல்லா விரியுதுன்னு கண்ணுக்கே தெரியுது. எக்செல்ல அனோவா போட்டா வித்தியாசமே இல்லைங்குது. காசு குடுத்து வேற சாஃப்ட்வேர் வாங்கணுமா?"

வேண்டாம். (டை என்பது கட்டியை அழுத்தும் அச்சு. அனோவா என்பது பல குழுக்களின் சராசரிகள் உண்மையிலேயே வேறுபடுகின்றனவா என்று பார்க்கும் புள்ளியியல் கணக்கு.) எக்செல் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறது, தவறான பட்டனை அழுத்தியதுதான் கோளாறு. எக்செல் மேல் எனக்குத் தீராத கோபம் ஒன்று உண்டு, ஆனால் அது வேறு விஷயத்தில். அதைப் பிறகு சொல்கிறேன்.

நண்பர் செய்த மாதிரியே ஓர் உதாரணம். கணக்குப் புரிவதற்காக நான் எழுதிய எண்கள் இவை. நான்கு லோடு நார்த்தூள், ஒவ்வொரு லோடிலிருந்தும் டைக்கு ஒரு 5 கிலோ கட்டி, ஆக 12 கட்டி. தண்ணீரில் விரிந்த அளவு லிட்டரில், லோடு வரிசைப்படி:

அ டை: 66, 70, 63, 69 (சராசரி 67)
ஆ டை: 69, 72, 66, 73 (சராசரி 70)
இ டை: 67, 72, 64, 69 (சராசரி 68)

எக்செலின் டூல்பேக் தரும் டேட்டா அனாலிசிஸ் பட்டியலில் முதலில் நிற்பது 'சிங்கிள் ஃபேக்டர்'. எல்லோரும் அதைத்தான் அழுத்துவார்கள். F மதிப்பு (டைகளுக்கிடையே உள்ள வேறுபாடு பிழையைப் போல எத்தனை மடங்கு என்பது) 0.89, p (டையால் வித்தியாசமே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவு வர வாய்ப்பு) 0.44. டைகளுக்குள் வித்தியாசம் இருப்பதாகச் சொல்ல முடியாது. இதே 12 எண்களை 'டூ ஃபேக்டர் வித்தவுட் ரெப்ளிகேஷன்' என்பதில் கொடுங்கள். டைக்கான F 14.0, p சுமார் 0.0055. ஒரு எண்ணும் மாறவில்லை, முடிவு தலைகீழ்.

காரணம் லோடு. மூன்றாவது லோடு எந்த டையிலும் குறைவாகவே விரிந்திருக்கிறது, இரண்டாவது எல்லாவற்றிலும் நன்றாக. மொத்த வேறுபாட்டுக் கூட்டல் (சராசரியிலிருந்து விலகல்களின் வர்க்கக் கூட்டல்) 112.67. அதில் லோடு தின்றது 90, டைக்கு 18.67, மிச்சப் பிழை வெறும் 4. ஒற்றைக் காரணிக் கணக்கில் அந்த 90-உம் பிழைக் கணக்கில் போய்ச் சேர்ந்து 94 ஆகிவிடுகிறது. அந்த இரைச்சலில் டையின் 18.67 எப்படிக் கேட்கும்?

நம் பகுதியில் இது தவிர்க்க முடியாதது. கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாகப் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வரும் தூளும் பொள்ளாச்சித் தூளும் ஒரே களத்தில் காய்கின்றன. தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சாரலோடு வரும்போது தூள் காய்வது நாளுக்கு நாள் மாறும். ஈரம் கூடினால் 5 கிலோவுக்குள் உலர்ந்த தூள் குறைவு, விரிவும் குறைவு. இந்த முறையை வளர்த்தெடுத்த புள்ளியியலாளர் ஃபிஷர் 1919-இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தவர். ஒரே வயலில் ஒரு மூலை வளமாகவும் மறு மூலை மெலிந்தும் இருக்கும் சிக்கலுக்காகவே நிலத்தைத் தொகுதிகளாகப் பிரித்து ஒப்பிட்டார்கள். வயலின் மூலைக்குப் பதில் நமக்கு லோடு. பல சீசன் பயன்படுத்தியும் எனக்கு அலுக்காத அழகு இதுதான்: எதைத் தனியே பிரித்துக் குறித்து வைத்தோமோ அது பிழையிலிருந்து விலகிவிடுகிறது.

ஆனால் குறித்து வைத்திருக்க வேண்டும். களத்தில் லோடுகளைக் கலந்து குவித்துவிட்டால் எந்த சாஃப்ட்வேராலும் மீட்க முடியாது.

இன்னும் இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். ஒரே கட்டியை விரித்து, அதிலிருந்து ஐந்து முறை அள்ளி அளந்து, 'ஐந்து மாதிரி' என்று எழுதுவது. அது ஒரே மாதிரிதான். ஐந்து அளவும் ஒன்றுபோல் வருவதால் பிழை செயற்கையாகச் சுருங்கி F பொய்யாக வீங்கும். ஐந்தையும் சராசரியாக்கி ஒரே எண்ணாக எழுதுங்கள். அடுத்தது வரிசை. காலையில் அ டை, மதியம் இ டை என்று அழுத்தினால், பிரஸ்ஸின் ஹைட்ராலிக் எண்ணெய் சூடேறி இளகிய விளைவும் டையின் பெயரில் ஏறிவிடும். டை மாற்றுவது சள்ளை பிடித்த வேலைதான். என்றாலும் ஒவ்வொரு லோடுக்குள்ளும் எந்த டை முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள்.

இப்போது என் கோபம். டூல்பேக் தரும் விடை அட்டவணை உயிரற்றது. அதில் ஃபார்முலா கிடையாது, அந்த நேரத்து எண்களை ஒட்டிவைத்துவிட்டுப் போய்விடும். 66-ஐ 60 என்று தவறாக அடித்திருந்து பிறகு திருத்தினால், மேலே தரவு மாறும், கீழே F பழையபடியே நிற்கும். எச்சரிக்கை எதுவும் வராது. தவறான அட்டவணை அப்படியே அச்சாகி வாங்குபவர் கைக்குப் போகலாம். டை வெட்ட ஆர்டர் கொடுப்பதே அந்த அட்டவணையை வைத்து எனும்போது இது சின்னக் குறை இல்லை. லிப்ரே ஆபீஸ் கால்க் இதே அட்டவணையை ஃபார்முலாவோடு தருகிறது, தரவைத் திருத்தினால் விடையும் திருந்தும். இலவச மென்பொருளால் முடிவது காசு வாங்குகிறவர்களுக்கு ஏன் முடியவில்லை?

போதாதற்கு, எந்த டை எந்த டையைவிட மேல் என்று டூல்பேக் சொல்லாது. 'எங்கோ வித்தியாசம் இருக்கிறது' என்பதோடு நிறுத்திக்கொள்ளும். உடனே இரண்டிரண்டாக டி-டெஸ்ட் போடாதீர்கள். ஆறு டை என்றால் 15 ஜோடி, ஒவ்வொன்றிலும் 5 சதவீதத் தவறு வாய்ப்பு சேர்ந்து எங்காவது ஒரு பொய் வித்தியாசம் முளைப்பது சாதாரணமாகிவிடும். எல்லா ஜோடிகளையும் சேர்த்து ஒப்பிடும் டியூக்கி முறையைக் கையால் போடலாம்: மூன்று டை, பிழை டிஎஃப் (கட்டின்றி மாறக்கூடிய எண்களின் எண்ணிக்கை, அனோவா அட்டவணையிலேயே இருக்கும்) 6 என்றால் டியூக்கி அட்டவணையில் q 4.34. பிழையின் MS (மிச்சப் பிழை 4-ஐ டிஎஃப் 6-ஆல் வகுத்தது) 0.667, அதை டைக்கு உள்ள கட்டி எண்ணிக்கை 4-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.408. q-வோடு பெருக்கினால் 1.77 லிட்டர். ஆ டை, அ-வைவிட 3, இ-யைவிட 2 லிட்டர் கூடுதல், இரண்டுமே 1.77-ஐத் தாண்டுகின்றன. அ-வுக்கும் இ-க்கும் இடையே 1 லிட்டர்தான், அதை வித்தியாசமாகக் கொள்ள முடியாது.

ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் இந்த டியூக்கி ஒப்பீடு ஒரே வரி. அங்கேயும் ஒரு பள்ளம் உண்டு: லோடை 1, 2, 3, 4 என்று எழுதினால் அதை அளவு என்று எடுத்துக்கொண்டு டிஎஃப் 3-க்குப் பதில் 1 காட்டும். 'லோ1', 'லோ2' என்று எழுத்தோடு எழுதுங்கள்.

குறிப்பிட்ட தூளுக்குக் குறிப்பிட்ட டைதான் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டுமானால் ஒவ்வொரு லோடு-டை ஜோடிக்கும் குறைந்தது இரண்டு கட்டி, ஆக 24 வேண்டும். 'வித் ரெப்ளிகேஷன்' அதற்குத்தான். ஒரே ஒரு கட்டி உடைந்து கட்டம் காலியானாலும் அது ஓடாது. அதனால் லோடுக்கு ஒன்றிரண்டு உபரிக் கட்டி போட்டு வைப்பது நல்லது.

மதிப்பெண் கேட்டால், அனோவாவுக்கு ஐந்துக்கு ஐந்து, டூல்பேக்குக்கு இரண்டு. ஆனாலும் நண்பருக்கு நான் சொன்னது: ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கும் அந்த டூல்பேக்கிலேயே போடுங்கள். டெலிவரி சீட்டைப் பார்த்து 12 கட்டிக்கும் லோடு எண் எழுதுங்கள், 'வித்தவுட் ரெப்ளிகேஷன்' பட்டனை அழுத்துங்கள். எண்ணைத் திருத்தினால் பழைய அட்டவணையை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.