அப்பாவின் டெஸ்க்டொப்புக்கு மின்ட், தங்கச்சியின் லப்டொப்புக்கு விண்டோஸ் 11

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. கொக்குவிலில் எங்கள் வீட்டில் அதில் ஓடிக்கொண்டிருந்தவை இரண்டு: தங்கச்சியின் எட்டாம் தலைமுறை ஐ5 லப்டொப், அப்பாவின் நான்காம் தலைமுறை ஐ3 டெஸ்க்டொப். லப்டொப்பை விண்டோஸ் 11க்கு மாற்றினேன். டெஸ்க்டொப்பில் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லை, புரொசஸரும் பழசு. அதற்கு 11 சரிவராது. ரவுணில் ஒரு கடையில் கேட்டேன். "உதை விட்டிட்டுப் புதுசு வாங்குங்கோ தம்பி" என்றார்கள். நன்றாக வேலை செய்கிற பெட்டியைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. எஸ்எஸ்டி ஒன்று மட்டும் வாங்கி, அதில் விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட் 22 போட்டேன்.

போடும் வேலையில் மின்ட்தான் இலகு. சுமார் 3 ஜிபி பதிவிறக்கம். பென் டிரைவில் ஏற்றி, டிஸ்க்கைத் தொடாமலே முதலில் ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, சத்தம், திரை எல்லாம் சரி என்று கண்ட பிறகுதான் நிறுவினேன். கணக்குத் திறக்கவும் சொல்லவில்லை. 11க்குப் பதிவிறக்கமே 5 ஜிபிக்கு மேல். மாறி முடிய ஒன்றரை மணித்தியாலம் போனது. கரண்ட் போனாலும் பற்றரி தாங்கும் என்பதால் லப்டொப்பில் பயமில்லை. யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப்பில் அப்படி ஒரு வேலையைத் தொடங்கவே யோசிப்பேன். மின்டில் அப்டேட்டை எப்போது போடுவது என்பது நம் கையில்.

தோற்றத்தில் 11 அழகு, அதை மறுக்க மாட்டேன். ஸ்டார்ட் பட்டன் நடுவில் இருப்பது தங்கச்சிக்குப் பிடிக்கவில்லை. செட்டிங்ஸில் இடப்பக்கம் தள்ளிக்கொடுத்தேன். ரைட் கிளிக் மெனுவில் பழைய தெரிவுகள் சில இன்னொரு கிளிக்குக்கு அப்பால் போய்விட்டன. மின்டின் மெனு விண்டோஸ் 7 காலத்தை நினைவூட்டும். அப்பா யாரிடமும் கேட்காமலே தேடிப் பிடித்துவிட்டார்.

எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி தமிழ். அப்பா சனசமூக நிலையத்தின் செயலாளர். பல வருடத்து அறிவித்தல்கள், கூட்டக் குறிப்புகள் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில். பாமினி, எல்லாக் கருவிகளும் பொதுவாகப் புரிந்துகொள்ளும் யூனிகோட் முறை அல்ல. அதில் "அம்மா" என்று அடித்தால் உள்ளே பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள்தான். எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் குறிகள்தான் தெரியும். இரண்டு கணினியிலும் பாமினி கோப்பை நிறுவியதும் பழைய ஆவணங்கள் திறந்தன. மின்டில் வேர்டுக்குப் பதிலாக உள்ள லிப்ரே ஒபிஸில் சில அட்டவணைகளின் அகலம் மட்டும் குலைந்தது, அவற்றைக் கையால் திருத்தினோம்.

புதிதாக எழுதுவதை யூனிகோடுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. விண்டோஸ் 11இல் தமிழ் 99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. தங்கச்சிக்கு அது போதும். அப்பாவின் விரல்களுக்குப் பழகியது தட்டச்சுப்பொறி முறை. இலங்கைத் தரநிலையான எஸ்எல்எஸ் 1326இன் ரெங்கநாதன் விசைப்பலகைதான் அவருக்கு ஒத்துவரும். மின்டில் தமிழ் அடிக்க உதவும் ஐபஸ், எம்17என் என்ற இரண்டு மென்பொருட்களையும் சேர்த்ததும் பட்டியலில் அது இருந்தது. முதல் நாளே அரைப் பக்கம் அடித்துவிட்டு, "இது வட்ஸ்அப்பிலையும் அப்படியே தெரியுமோ?" என்று கேட்டார். தெரிந்தது. எனக்கு அந்த ஒரு காரணமே போதும்.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 4 ஜிபி ரேமில் மின்ட் தாராளமாக ஓடுகிறது. 8 ஜிபி லப்டொப்பில் 11ம் குறையில்லை, ஆனால் குரோமில் பத்து டாப் திறந்தால் இழுக்கிறது.

விண்டோஸ் 10இலேயே இருந்துவிடலாம் என்பவர்களுக்கு: விரும்பிப் பதிபவர்களுக்கான கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2026 ஒக்டோபர் 13 வரைதான். வங்கி வேலை செய்யும் கணினியை அதற்கு மேல் அப்படியே வைத்திருக்க நான் சம்மதிக்க மாட்டேன். கம்பஸ் வேலைக்கு வேர்ட், எக்செல் கட்டாயம் வேண்டியவர்கள், கணினி இடம்கொடுத்தால் 11க்குப் போகலாம். மற்றவர்களுக்கு மின்டையே சொல்வேன். உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்பை அடித்தளமாகக் கொண்ட மின்ட் 22க்கு 2029 வரை ஆதரவு உண்டு.

மின்டில் எனக்குத் தீராமல் நிற்பது பிறின்டர். எங்கள் பழைய லேசர் பிறின்டருக்குச் சரியான டிரைவர் கிடைக்கவில்லை. அப்பா அறிவித்தலைப் பிடிஎப் ஆக்கிப் பென் டிரைவில் கொடுக்கிறார், தங்கச்சி தன் லப்டொப்பில் அச்செடுத்துக் கொடுக்கிறாள். அடுத்த பிறின்டரை லினக்ஸில் ஓடுமா என்று கேட்டுத்தான் வாங்குவேன்.