மட்டக்களப்பில் சொல்லிச் செய்த தோல் பெல்ட் எப்படி?

நகரிலுள்ள சிறிய பட்டறையொன்றின் வேலை. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட மாட்டுத்தோல், ஒரே தட்டு, 4 மில்லிமீற்றர் தடிப்பு. நடுவில் மட்டை வைத்து ஒட்டிய மலிவுப் பெல்ட் ஒரு மாரியிலேயே உரியும். இதில் உரிவதற்கு அடுக்கே இல்லை.

கைத்திறமை பக்கிள் மடிப்பில்தான் தெரிகிறது. அந்த இடத்தைப் பாதித் தடிப்புக்குச் சீவியிருக்கிறார்கள். சீவாமல் மடித்தால் வயிற்றில் முண்டும், கூடச் சீவினால் அதிலேயே கிழியும். அருமையான கணக்கு! தையலும் அப்படித்தான்: மெழுகு நூலின் இரு முனையிலும் ஊசி, ஒவ்வொரு துளையிலும் இரு பக்க இழுவை. ஓரிழை அறுந்தாலும் மற்றது பிடிக்கும்.

குறை ஒன்று. நுனி வளைவில் ஓரம் சரியாக மினுக்கப்படாமல் நார் எழும்புகிறது. ஈரம் தொட்டு, தேன்மெழுகு பூசி, மரக்கட்டையால் தேய்த்தால் படிந்துவிடும்.

பக்கிளுக்குப் பித்தளையே கேளுங்கள். வாவிக்கரை உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும். துருவும் பட்டைச்சாறும் சேர்ந்தால் தோலில் இலேசில் போகாத கறுப்புக் கறை. அளவுக்குப் பழைய பெல்ட்டைக் கொண்டுபோங்கள்: பக்கிள் மடிப்பிலிருந்து நீங்கள் வழக்கமாக மாட்டும் ஓட்டை வரை அளக்கவேண்டும், புதிய பெல்ட்டின் ஐந்து ஓட்டைகளில் நடு ஓட்டை அங்கேதான் வரும். காற்சட்டை அளவைச் சொன்னால் கட்டையாகிவிடும்.